பத்து வயதுக்கு அந்த கேம் ஆகுமா?

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருந்தது. என் மகளுக்குப் பத்து. விண்கலம் உடைந்து வேறொரு கிரகத்தில் மாட்டிக்கொண்டவர்கள் தப்பித்து வருகிற வீடியோ கேம் அது. கோவளத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து அதையே கேட்டு நச்சரித்தாள். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிற என் கணவர், "கேம்தானே, இன்னா இப்போ? ஆடிட்டுப் போவுது, வுடு" என்றார். முடிவெடுப்பது வழக்கம்போல என் தலையில் விழுந்தது.

செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவள் நான். பாதி நாள் உட்கார இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மகள் பக்கத்து வீட்டுக்குப் போனதும், மடிக்காத துணியை ஒதுக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த கேமை நானே ஆடிப் பார்த்தேன்.

ரத்தம் இருக்கிறதா, கெட்ட வார்த்தை இருக்கிறதா என்றுதான் தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. சிவப்பு மணல், வழிகாட்ட ஒரு ரோபோ. நான்தான் பள்ளம் பள்ளமாக விழுந்துகொண்டிருந்தேன். அலுத்துப்போய் எழுந்திருக்க நினைத்தபோது அந்தக் காட்சி வந்தது. காயம்பட்ட கேப்டன் மூச்சு இயந்திரத்தில் கிடக்கிறார். இனி பிழைக்க மாட்டார் என்கிறது ரோபோ. இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானை ஆடுகிறவர்தான் அழுத்த வேண்டும்.

என் கை நின்றுவிட்டது. போன மழைக்காலத்தில் என் மாமனார் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் கிடந்தார். இனிமேல் பயனில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, எடுத்துவிடுங்கள் என்று நானும் கணவரும்தான் சொன்னோம். மகளிடம், தாத்தா தூக்கத்தில் போய்விட்டார் என்றோம்.

அவள் திரும்பி வந்ததும், "இந்த கேம் இப்போ வேணாம்மா" என்றேன்.

"கேப்டன் சாவுறதாலயா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்த வூட்லயே ஆடினேனே. அந்த பட்டனை நான் அமுக்கவே இல்ல. அப்டியே குந்திகினு இருந்தேன். அத்த மவன்தான் சிரிச்சிகினே அமுக்கிட்டான். அமுக்காம வேற வழி எதுனா கீதான்னு பாக்கத்தான் கேட்டேன்" என்றாள். பிறகு, "தாத்தாவுக்கும் யாருனா அமுக்கினாங்களாம்மா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ஆமா. நாங்கதான் எடுக்கச் சொன்னோம்" என்றேன்.

"வலிச்சிருக்குமா?"

"வலிக்காதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அப்போ நீ அழுதியா?"

"அப்போ அழல. அடுத்த வாரம் வேலைக்குப் போறப்போ, ரயில்ல அழுதேன்."

அவள் துணி மடிக்க வந்து உட்கார்ந்தாள்.

இதற்குமேல் எதைத் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு மட்டும், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று சொல்லி ஆட விட்டேன். இரண்டு மூன்று வாரம் விண்கலத்தின் எல்லா அறைகளையும் துழாவினாள். ரோபோவிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். வேறு வழி இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். தோளைத் தொட்டு எழுப்பினாள். முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

"அமுக்கிட்டேம்மா" என்றாள். "நீ தூங்கு."