ஒரு சோடாப் போத்தல் ஒயில்

வள்ளத்துக்குப் பூட்டுற அவுட்போட் எஞ்சின் திருத்திறவனுக்கு ரெண்டு வகைக் கஸ்டமர்தான்: எஞ்சினைக் கெடுத்துப்போட்டு வாறவர் ஒண்டு, நீதான் கெடுத்தனீ எண்டு சண்டைக்கு வாறவர் மற்றது. யுத்த காலத்தில ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில கடை வைச்சிருந்த எனக்கு மூண்டாவது வகையும் ஒருக்கா வந்தது. கிறீஸ் கையோட சோறு திண்ட சகோதரங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். மற்றவைக்குச் சொல்லி என்ன பிரியோசனம்?

கத்துற எஞ்சின்

பிலிப்பு அண்ணைக்கு இருந்தது ஒரேயொரு பழைய எஞ்சின். அதுக்குப் பெற்றோல் வேற, ஒயில் வேற. எஞ்சினுக்கையே ஒரு சின்ன ஒயில் டாங்கி, அதிலயிருந்து ஒரு பம்ப் அளந்து அளந்து ஒயில் குடுக்கும். அந்தப் பம்புக்குள்ள இருந்த பிளாஸ்ரிக் பல்லுச்சில்லு உடைஞ்சுபோச்சு. புதுசு கொழும்பில கிடக்குது, இஞ்சால கொண்டுவர ஆமிக்காரர் விடாயினம். கடலுக்குப் போகாட்டி அடுப்பு எரியாது, என்ன கோதாரியையாவது செய்து தா எண்டு மனிசன் கடை வாசலில குந்திவிட்டார்.

பம்பைக் கழட்டி, அந்த ஓட்டையை அலுமினியத் தகடு வெட்டி மூடினனான். இனி ஐம்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் கையால கலந்து ஊத்தவேணும். ஒயில் டாங்கியையும் கழட்டின உடன, ஒயில் இல்லை எண்டு எஞ்சின் ஹோர்ன் கீயெண்டு கத்தத் தொடங்கிச்சு. எஞ்சின் சூடேறினாலும் கத்துறது அதே ஹோர்ன்தான். எந்த வயர் எதுக்கு எண்டு தேடிப் பிரிக்கப் பஞ்சிப்பட்டு, ஹோர்னுக்குப் போற வயரையே நறுக்கெண்டு வெட்டிவிட்டனான். பிலிப்பு அண்ணைக்குச் சரியான சந்தோசம்.

"நல்லதாப் போச்சு தம்பி. கத்துறதுக்கு எனக்கு வீட்டில ஒராள் காணும்."

தேங்காயெண்ணெய்

கதை பரவி, நிலாவெளியில இருந்து சின்னராசா எண்டொருத்தரும் வந்து தன்ர எஞ்சினையும் அப்பிடியே மாத்திக்கொண்டு போனார். ரெண்டு கிழமையில எஞ்சினைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். எஞ்சின்ர தலையைக் கழட்டினால் கடை முழுக்கப் பலகாரம் சுட்ட மணம்! அறுவான் தேங்காயெண்ணெயைக் கலந்து ஓடியிருக்கிறான். பிஸ்டன் கரியாப் போய் இறுகிக் கிடக்குது. எனக்கு வந்த விசருக்கு வாயில வந்தபடி ஏசினனான். ஆள் அசையேல்லை.

"ஒயில் கொழும்பில இருந்து வரவேணும். தேங்காய் என்ர வளவுக்கையே விழுது."

கடதாசிச் சீல்

எஞ்சினை மாத்தேக்க ஒண்டை நானும் யோசிக்கேல்லை, பிலிப்பு அண்ணையும் யோசிக்கேல்லை. அந்த நாளையில பெற்றோலை மீன்பிடிச் சங்கத்தில நிரப்பி, கான் மூடியில கடதாசி ஒட்டிச் சீல் வைச்சுத்தான் தருவினம். கரையில கடலுக்குப் போற பாஸைப் பாக்கிற நேவிச் சென்றிக்கு முன்னால சீல் உடையாமல் இருக்கவேணும். அதாலை வீட்டில கலக்க ஏலாது. முந்தி ஒயில் எஞ்சினுக்கையே இருந்தது, ஒருத்தரும் கேட்கேல்லை. இப்ப அதைக் கையில கொண்டுபோகவேணும். ஒரு சோடாப் போத்தலில அளவுக்குச் சிவப்புப் பெயின்ரால கோடு கீறிக் குடுத்தனான். சென்றியைத் தாண்டி வள்ளத்தில ஏறினாப்பிறகு அவர் கானைத் திறந்து ஊத்திக் குலுக்குவார். ஒரு மாசம் ஒழுங்காப் போச்சு.

ஒருநாள் விடிய எஞ்சின் சத்தம் கேட்டுப் பாப்பமெண்டு நானும் கரைக்குப் போனனான். சென்றியில புது ஆள். போத்தலைத் தூக்கிப் பாத்தான், மணந்து பாத்தான், பாஸைப் பாத்தான். பெற்றோல் எண்டு இருக்குது, ஒயில் எண்டு இல்லை. எஞ்சினுக்குத்தான் எண்டு நான் கையாலயும் காலாலயும் விளங்கப்படுத்தினனான். கேட்கிறானே? பிலிப்பு அண்ணை என்னைப் பாத்தார். ஒயில் இல்லாமல் எஞ்சின் இறுகி நிண்டால் வள்ளம் நீரோட்டத்தோட இழுபடும். பாஸில போட்ட எல்லைக்கு அங்கால போனால், ஆரின்ர வள்ளம் எண்டு ஒருத்தரும் கேட்கமாட்டினம், சுடுவினம். இதெல்லாம் தெரிஞ்சுகொண்டும் நான் என்ன சொன்னனான் தெரியுமே? நேற்றையான் கலவை கொஞ்சம் பெற்றோல் டாங்கியில கிடக்கும், மெதுவா ஓடிக் கிட்டத்தில போட்டு வாங்கோ எண்டனான். போகவேண்டாம் எண்டு சொல்ல என்ர வாய் அவிஞ்சா போச்சு? சென்றிக்காரன் போத்தலை மண்மூட்டைக்கு மேல பக்குவமா வைச்சான். கோவக்காரனுமில்லை, பாவி. தெரிஞ்ச அரைகுறைத் தமிழில சொன்னான்.

"போத்தல் இங்க இருக்கும். வரேக்க எடு."

வெட்டின வயர்

நாலாம் நாள் புல்மோட்டைப் பக்கம் வள்ளம் ஒதுங்கிச்சு. எஞ்சின் இருந்தது, வலை இருந்தது, பிலிப்பு அண்ணை இல்லை. நான் கரைக்குப் போற நேரமெல்லாம் அந்தப் போத்தல் மண்மூட்டைக்கு மேல அப்பிடியே இருந்தது.

மாசம் ஒண்டு கழிய, அவரின்ர மனிசி ரெஜினா அக்கா எஞ்சினை ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்தா. திருத்தித் தந்தால் விக்கலாம் எண்டா. திறந்து பாத்தன். சிலிண்டர் காய்ஞ்சு, பிஸ்டன் அதோட ஒட்டிப்பிடிச்சிருந்தது. ஹோர்ன் இருந்திருந்தால் சூடேறேக்க ஒருவேளை கத்தியிருக்கும். கத்தாமலும் விட்டிருக்கும், எனக்குத் தெரியாது. தொங்கின வயரைக் காட்டி இது என்னெண்டு கேட்டா. மறைக்காமல் எல்லாத்தையும் சொன்னனான். சொல்லிப்போட்டு, ஏசட்டும், மண்ணள்ளித் திட்டட்டும் எண்டு தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டனான். அவ அந்த வயர் நுனியை விரலால தொட்டுப் பாத்தா. பிறகு மெல்லமாத்தான் சொன்னா.

"அதைத் திருப்பிக் கொழுவிவிடுங்கோ தம்பி. வாங்கிறவருக்காவது கத்தட்டும்."

எத்தினையோ எஞ்சினைக் கத்தாமல் பண்ணின எனக்கு, அந்த மனிசியைக் கத்தாமல் பண்ணினதுதான் கையால செய்த வேலைகளுக்குள்ள ஆகத் திறமான வேலை.