லைனில் மூன்றாவது ஆள்

எழுபதுகளின் கடைசியில் சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். சொந்த ஊர் ஜேடர்பாளையம் பக்கம். அப்பா வாழை போட்டிருந்தார். வீட்டிலிருந்து வெளியூர் போய்ச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். சேலத்தில் பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டேன்.

நீளமான போர்டு. அதில் வரிசையாகத் துளைகளும் சின்ன விளக்குகளும். விளக்கு எரிந்தால் அதன் துளையில் கார்டை, அதாவது முனையில் பின் உள்ள இணைப்பு வயரை, செருகி, ‘நம்பர் ப்ளீஸ்’ என்று கேட்க வேண்டும். காலையில் ஜவ்வரிசி வியாபாரிகள் பம்பாய்க்கு டிரங்க் கால் போடுவார்கள். கொஞ்சம் பிந்தினாலும் காதில் கத்துவார்கள். பதிலுக்கு நாங்கள் குரலை உயர்த்தக் கூடாது. எங்களுக்குப் பின்னால் சூப்பர்வைசர் மேஜை. அங்கிருந்து ஒரு சாவியைத் தள்ளினால் எங்களில் யார் பேசுவதையும் அவர் கேட்கலாம். கேட்கும்போது லைனில் சத்தம் லேசாக இறங்கும் என்று சீனியர்கள் சொன்னார்கள்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒவ்வொருவராக மெமோ வாங்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி ஈரோடு ஆபரேட்டரிடம் சேலை விலை பேசியதற்கு. இன்னொருத்தி கத்திய சந்தாதாரரின் லைனை வேண்டுமென்றே இழுத்தடித்ததற்கு. அடுத்த போர்டில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் வந்தது. அவர் டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவருடைய மெமோவில் இருந்தது அவர் லைனில் பேசியதே அல்ல. சாப்பாட்டு அறையில் சூப்பர்வைசரைப் பற்றிச் சொன்ன வார்த்தை, அப்படியே. அப்படியானால் உள்ளே இருக்கும் யாரோ போய்ச் சொல்கிறார்கள்.

எனக்கு மட்டும் மெமோ வரவில்லை. நான் புதுசு. என் இருக்கை சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் பேச்சு நின்றுபோகும். “வெயில் ஜாஸ்தி” என்று யாராவது சொல்வார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று புரிந்ததும் நான் அவர்களைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன். என்னை மாட்டிவிடுவதற்கென்றே ஒருத்தி அன்பாகப் பேசுகிறாள் என்று தோன்றியது. லைனில் எப்போதும் சத்தம் இறங்குவதுபோல் இருந்தது. அதற்குப் பின்னால் மூச்சு விடும் ஒலி. விடுதியில் படுத்தால் தூக்கம் வராது. அடுத்த அறையில் நாற்காலி நகர்ந்தால், என்னைப் பற்றி யாரோ யாரிடமோ சொல்லப் போகிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

வார விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏஞ்சாமி, எதுக்கு இப்படிக் கிசுகிசுன்னு பேசறே? நம்ம ஊட்டுல ஆரு கேக்கறாங்க?”

நான் மெதுவாகப் பேசுவது அதுவரை எனக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம், மத்தியானம் கழித்து, ஒரு வியாபாரிக்குப் பம்பாய் லைன் கிடைத்தது. அவர் பேசத் தொடங்கியதும் சத்தம் இறங்கியது. மூச்சுச் சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது.

“ஆருங்க அது? நீங்க கேக்கறது எனக்குத் தெரியுதுங்க. சொல்லிப்போட்டுக் கேளுங்க!” என்று கத்திவிட்டேன்.

வியாபாரி திகைத்துப்போனார். “ஏனுங்கம்மா, ஆருகிட்டப் பேசறீங்க?”

எதிரே விளக்குகள் வரிசையாக எரிந்தன. கார்டைக் கையில் எடுத்தேன். துளையில் செருக முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. அக்கா எழுந்து வந்து என் ஹெட்செட்டைக் கழற்றினார். என் லைன்களை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, என்னை ஓய்வறைக்குக் கூட்டிப்போனார். முகம் கழுவச் சொன்னார்.

“நீதான் போய்ச் சொல்றேன்னு நெனச்சேன்,” என்றார்.

“இப்பவுமாங்க்கா?”

முகம் துடைக்கத் துண்டை நீட்டினார். “சந்தேகம் முழுசாப் போகல. ஆனா இந்தக் கை நடுக்கம் நடிப்பு இல்லை. அது எனக்குத் தெரியும்.”

அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இருந்தது. ‘உன்னை நம்புகிறேன்’ என்று சொல்லியிருந்தால் அன்று நான் அவரை நம்பியிருக்க மாட்டேன்.

அன்றே அக்கா சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன். ரிட்டயர் ஆகும் வயதில் இருந்த மனிதர் அவர்.

“கேக்கறது என் வேலைம்மா. மேலிடத்து உத்தரவு.”

“கேளுங்க சார், வேண்டாங்கல. எப்பக் கேக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியணும். தப்பிருந்தா முதல்ல எங்ககிட்டச் சொல்லுங்க, அப்புறம் எழுதுங்க. இந்தப் பொண்ணைப் பாருங்க, எப்படி ஆயிட்டான்னு.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என் மேஜை லைனையும் யாரோ கேக்கறாங்களோன்னு எனக்கே ஒரு சந்தேகம் உண்டும்மா.”

உத்தரவு எதுவும் மாறவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து, கேட்க வேண்டுமென்றால் அவர் எல்லோரும் பார்க்கத் தன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். தவறு கண்டால் கூப்பிட்டுச் சொன்னார். சந்தாதாரரிடம் யாராவது வசவு வாங்கினால், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர அனுமதித்தார். மெமோக்கள் குறைந்தன. சாப்பாட்டு அறையிலிருந்து போய்ச் சொன்னது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அக்கா என்னைப் பெரிய ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் எழுத எழுத, நான் அந்தக் காகிதத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதை ஆபீசுக்கு அனுப்புவீங்களா?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க சொல்லாம அனுப்ப மாட்டேன்.” காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தூக்கம் இல்லை, பயம், வேலை இடத்தில் நெருக்கடி என்றுதான் இருந்தது.

மாத்திரை சாப்பிட்டேன். லீவில் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினேன். மூச்சுச் சத்தம் போய்விட்டது. லைனில் சத்தம் இறங்குவது மட்டும் அவ்வப்போது இருந்தது. மெக்கானிக்கிடம் கேட்டேன். பழைய கேபிளில் ஈரம் இறங்கினாலும் அப்படித்தான் ஆகும் என்றார். அவர் சொன்னது உண்மையா, சொல்லச் சொன்னார்களா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு அடுத்த விளக்குக்குக் கார்டைச் செருகினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அந்தச் சூப்பர்வைசர் ரிட்டயர் ஆவதற்கு முன்பே, புதுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். முதல் நாளே அவர்களை என் பக்கத்தில் உட்காரவைத்து, கேட்கும் சாவி எங்கே இருக்கிறது, யார் அதைத் தள்ளுவார்கள், எப்போது தள்ளுவார்கள் என்று காட்டிவிடுவேன். சூப்பர்வைசர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எல்லோரும் பார்க்கத் தன் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார்.