லோகாம்பாள் பெயரில் பதினெட்டு லிட்டர்

ஜெயக்குமார் என்று கேட்டால் சின்ன காஞ்சிபுரத்தில் யாருக்கும் தெரியாது, ‘ஏரோப்ளேன்’ என்று கேட்க வேண்டும். நாற்பத்தாறு வயது, சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ. ஓட்டல்களிலும் பஜ்ஜிக் கடைகளிலும் பொரித்து மீந்த எண்ணெயை வாங்கி ஒரு கம்பெனிக்கு அனுப்புவது தொழில். அங்கே அதைச் சுத்திகரித்து விமான எரிபொருளில் கலக்கிறார்கள். காற்று கெடுவது குறையுமாம். தலைக்கு மேல் விமானம் தெரிந்தால் போதும், “நம்ம ஊரு வடை போவுது பாருப்பா” என்பார். அந்த அலட்டலை மன்னித்துவிடலாம்.

பிறகு செய்ததை அவராலேயே மன்னிக்க முடியவில்லை.

விமானங்கள் பெருகின. கம்பெனி இரண்டு மடங்கு எண்ணெய் கேட்டது. அதற்காக ஊர் இரண்டு மடங்கு வடை தின்னுமா? ஜெயக்குமார் கண்ணில் ரேஷன் பாமாயில் பட்டது. மானிய விலையில் அது, பொரித்துக் கழித்த எண்ணெயைவிட மலிவு. நல்ல எண்ணெயைவிடக் கெட்ட எண்ணெய்க்கு விலை அதிகம், என்ன கூத்தோ! ரேஷன் கடை ஊழியரைக் கையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் பெட்டி பெட்டியாக எடுத்தார். வீட்டுக் கொல்லையில் இரும்புச் சட்டியில் ஊற்றி, பழைய வடைத் தூளைப் போட்டுக் கருக்கினார். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஆள் வேண்டுமே? தெரிந்த கடைக்காரர்கள் பெயரையெல்லாம் கம்பெனிப் பட்டியலில் ஏற்றிவிட்டார். விமானச் சத்தம் கேட்டால் இப்போது அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்க்கவே கூச்சமாக இருந்தது.

எட்டு மாதத்தில் மாவட்டத்திலேயே அதிக எண்ணெய் சேர்த்தவர் ஆகிவிட்டார். பாராட்டி வீடியோ எடுக்கக் கம்பெனியிலிருந்து துர்கா என்ற பெண் வந்தாள். எண்ணெய் கொடுக்கிறவர் ஒருவரும் படத்தில் வேண்டும் என்று பட்டியலிலிருந்து அவளே தேர்ந்தெடுத்தாள்: பஜ்ஜிக் கடை லோகாம்பாள். ஜெயக்குமார் வேறு கடைக்குத் திருப்பப் பார்த்தார், அவள் கேட்கவில்லை.

லோகாம்பாளின் தள்ளுவண்டியில் வாணலியைக் காணோம். குண்டானில் சுண்டல் இருந்தது.

“மாசம் பதினெட்டு லிட்டர் பழைய எண்ணெய் குடுக்கறீங்களாமே, ஆன்ட்டி?” என்று துர்கா போனை நீட்டினாள்.

“எண்ணெயா? பஜ்ஜி போட்டே ஆறு மாசமாவுதும்மா. ரேஷன்ல பாமாயில் வர்றதே இல்ல. வெளிய வாங்கிப் போட்டா கட்டுப்படி ஆவுமா? அதான் சுண்டல் வித்துக்கினு கீறேன்.”

“லிஸ்ட்ல உங்க பேர் இருக்கே?”

லோகாம்பாள் ஜெயக்குமாரைப் பார்த்தார். வெயில் இல்லாமலே அந்த மனுஷனுக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

“ஆமாம்மா, குடுக்கறேன். மறந்துட்டேன்” என்றார் லோகாம்பாள்.

“அப்படியே இன்னொரு வாட்டி சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க.”

சொன்னார். துர்கா முதலில் எடுத்ததை அழித்துவிட்டு, நன்றி சொல்லி, காருக்குப் போய்விட்டாள்.

“அந்தப் பாமாயிலெல்லாம் நீதான் எடுத்துக்கினு போனியா, ஜெயா?”

ஜெயக்குமார் தலையாட்டினார். திட்டட்டும் என்று நின்றார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பார்.

லோகாம்பாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அடுத்த மாசம் எனக்கு மட்டும் ரெண்டு பாக்கெட் வுட்டு வைப்பா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”