மெர்சி அக்காவுக்குக் கேட்ட குரல்

மெர்சி அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. மலைமேல் வளப்பூர் நாட்டுச் சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ், நான் மருந்தாளுநர். தலைவலி என்று வருகிறவர்களை மிரட்டி உருட்டியாவது கீழே ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார். தனக்கு வந்ததை மட்டும் எட்டு மாதம் ஒளித்து வைத்திருந்தார்.

அவர் மூளையின் வலப்பக்கம் பிறவியிலேயே ரத்தக்குழாய்கள் சிக்குப் பிடித்துக் கிடந்தன. பதினோரு வருடத்துக்கு முன்பு கோயம்புத்தூரில் கத்தி வைக்காமல் கதிர் பாய்ச்சி அதை அடைத்தார்கள். அப்போது கூடவே அலைந்தவர் கணவர் சவரிமுத்து. மூன்றாம் வருடம் படம் எடுத்து, சிக்கு அடைபட்டுவிட்டது என்றதும் அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் சவரிமுத்து மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நேரம். ஊசியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண் நிலைகுத்தியிருந்தது. வாய் எதையோ மென்றது. குழந்தையை மடியில் வைத்திருந்த மாதம்மாள் பதறி நகர்ந்தாள். ஒரு நிமிடத்தில் அக்கா தெளிந்தார். நான் ஊசியைப் பிடுங்கினேன். "என்னக்கா ஆச்சு?" என்று கோபமாகக் கேட்டேன்.

"பால் அடிபிடிச்ச வாசம் வரும், நாகு. அப்புறம் அவரு கூப்புடுவாரு. மெர்சி, மெர்சின்னு ரெண்டு தடவ."

மாதம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "பதில் சொல்லிப்போடாதீங்க. செத்தவிய மூணாந்தடவ கூப்புட மாட்டாங்க. மூணு தடவ கூப்புட்டாத்தான் மனுசன்."

"தெரியும் கண்ணு. அதுக்குத்தான் காத்திருக்கேன்."

பேய் என்றாலே கேலி செய்கிற அக்காவா இப்படிப் பேசுகிறார்!

"அது வலிப்புக்கா" என்று சொல்லி மறுநாளே பஸ்ஸில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கதிர் பட்ட சதை இத்தனை வருடமாக மெல்லச் செத்து, பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு நீர் கோத்திருந்தது. வீக்கம் வடியக் கொடுத்த மாத்திரை ஒரு மாதமாகியும் கேட்கவில்லை. இடக்கை மரத்துப்போனது. மண்டையைத் திறந்து நீரை வடித்து, செத்த சதையையும் எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர் தரணிதரன்.

அக்கா ஒன்றுதான் கேட்டார். "அந்தக் குரலும் போயிருமுங்களா?"

"வலிப்பு நின்னா அதுவும் நின்னுடும்மா."

இரண்டு நாள் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவில்லை. திட்டினேன், அழுதும் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசம் வருவதாகச் சொன்னார். சட்டென்று கதவுப் பக்கம் திரும்பி, "ஏனுங்க, இங்கதான் இருக்கேன்" என்றார். பதில் சொல்லிவிட்டாரே என்று பயந்து, இத்தனை படித்த நான் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தெளிந்ததும், "மொதத் தடவைக்கே பதில் சொல்லிப்போட்டேன். இனி காத்திருக்க ஒண்ணுமில்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கையும் சரியாகிவிட்டது. அதன் பிறகு வலிப்பே இல்லை. நான்காம் மாதம் வேலைக்கு வந்தார். போன வாரம், சாப்பிடும்போது, "இப்ப எப்படிக்கா இருக்கு?" என்றேன்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அவர அடக்கம் பண்ணப்ப எனக்கு அழுகையே வரல, நாகு. இப்பத்தான் வருது."

சாப்பாட்டை ஓரம் வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் குரல் நிற்கும்படி அக்காவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான்தானே.