உரிமையாளர்களுக்கு இச்சலுகை கிடையாது

நர்ஸ் ஜெயம்மாள் கோபக்காரி என்று சாலவாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு வருஷம் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தவன் நான். காரணமில்லாமல் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. காரணங்கள்தான் நிறைய இருந்தன.

மாகறல் காலனியில் பிறந்தவர். அப்பா இருசப்பன் செய்யாற்றங்கரை நிலங்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, நர்ஸ் பயிற்சி முடித்து, அந்தக் காலனியிலிருந்து சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் பெண் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை அம்முலு அதே மாகறலில் நாற்று நடவும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தாள்.

ஊர்த்தெரு வீடுகளில் பிரசவம் பார்த்து முடித்ததும் நர்சம்மாவுக்குக் காபி வரும். அவருக்கென்று கூரை இறவாணத்தில் செருகி வைத்திருக்கும் தனி டம்ளரில் வரும். "நான் காபி குடிக்கறதில்லீங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பார். ஆஸ்பத்திரிக்கு வந்து என் பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளர் குடிப்பார். பிறந்த குழந்தையைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசுவார். டம்ளரைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

1986-ல் ஏகாம்பரம் என்ற ஏஜெண்ட் கலர் ஆல்பத்தோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். காஞ்சிபுரத்துக்காரன். ஏற்காட்டில் மலர்மேடு என்று ஓர் ஓய்வு விடுதி கட்டியிருக்கிறார்கள், அதில் பங்கு வாங்கலாம் என்றான். எங்களுக்குப் புரியவில்லை. ஏரித் தண்ணீருக்கு முறை வைக்கிறோம் இல்லையா, அதுபோல ஓர் அறைக்கு முறை என்று விளக்கினான். வருஷத்தில் ஐம்பத்திரண்டு வாரம், ஆளுக்கு ஒரு வாரம். முப்பத்து மூன்று வருஷத்துக்கு அந்த ஒரு வாரம் அந்த அறை உங்களுடையது, தங்கையோ தம்பியோ யாரை வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம்.

ஜெயம்மாள் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்க போனா எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாங்களா?"

"எதுக்கு மேடம் கேக்கணும்? நீங்க ஓனர்."

வாங்கிவிட்டார். கெட்டி அட்டையில் அவர் பெயர் போட்டு, கீழே 'பங்கு உரிமையாளர்' என்று அச்சடித்து வந்தது. இருசப்பன் குடும்பத்தில் எதற்கும் உரிமையாளர் என்று ஒரு காகிதத்தில் எழுதி வந்தது அதுதான் முதல் தடவை. காலனி வீட்டு மனைக்குக்கூட அப்போது பட்டா இல்லை. அந்த அட்டையை என்னிடம் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்தவன் என்பதால்தான் பின்னால் நடந்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவருக்கு வேண்டியது மே மாதம். காரணம் அம்முலு. மே மாதத்தில் வயலில் வேலை இருக்காது, அவளால் வர முடியும். அதுவரை அம்முலு காஞ்சிபுரத்தைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. ஜெயம்மாள் ஜனவரியிலேயே எழுதிப் போட்டார். மே மாதத்தில் இடமில்லை, நவம்பரில் தருகிறோம் என்று பதில் வந்தது. நவம்பரில் அம்முலு களை எடுப்பாளா, மலைக்குப் போவாளா? ஜெயம்மாள் மட்டும் போனார். மூன்று நாள் விடாத மழை, எதிரே இருக்கும் மரம்கூடத் தெரியாத பனிமூட்டம், ஈரம் காயாத போர்வை. நான்காம் நாள் திரும்பி வந்துவிட்டார். அடுத்த வருஷமும் எழுதினார். அதே பதில். அதற்கடுத்த வருஷத்து மே மாதத்துக்கு, முந்தின டிசம்பரிலேயே எழுதினார். அதற்கும் அதே பதில்தான், தேதி மட்டும் மாறியிருந்தது.

அந்த வருஷம், 1989 ஏப்ரலில், எனக்கு ஒரு கடிதம் வந்தது. காஞ்சிபுரத்தில் புடவை எடுத்தபோது கடையில் ஒரு கூப்பனில் பெயரும் விலாசமும் எழுதிப் போட்டிருந்தோம். குலுக்கலில் எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். தம்பதியாக ஒரு கூட்டத்துக்கு வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், மலர்மேட்டில் மே மாதம் மூன்று நாள் இலவசம், சாப்பாடும் சேர்த்து.

மறுநாள் அதை ஜெயம்மாளிடம் காட்டினேன். அவரும் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். கடைசி வரியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். எறும்பு எழுத்தில் இருந்ததால் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. 'பங்கு உரிமையாளர்களுக்கு இச்சலுகை கிடையாது.'

"இன்னா சார் இது? மே மாசத்துல ரூமே இல்லன்னு மூணு வருசமா எனக்கு எய்திக்கினு கீறாங்க. உங்களுக்கு எங்கேர்ந்து வந்துது ரூமு?"

கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"கூட்டம் என்னிக்கு?"

"ஞாயித்துக்கெழம. ஆனா சிஸ்டர், உரிமையாளருங்க வரக்கூடாதுன்னு..."

"வரக்கூடாதுன்னு எங்க போட்டுகீது? சலுகை கெடையாதுன்னுதான் போட்டுகீது. நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி தாயாரம்மாளும் அவரும் உத்திரமேரூரில் பஸ் மாறிக் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தோம். ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். நெசவு முதலாளிகள், வாத்தியார்கள், ராஜகுளத்துப் பக்கத்து விவசாயிகள். மெட்ராஸிலிருந்து வந்திருந்த மானேஜர் திரையில் ஏற்காட்டைக் காட்டினார். நீல வானம், வெயில், பூக்கள். பனிமூட்டம் ஒன்றிலும் இல்லை. யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று அவர் கேட்டதும் ஜெயம்மாள் எழுந்தார்.

"நான் மூணு வருசமா மெம்பரு. எனக்கு மே மாசம் ஏன் குடுக்கல?"

ஏகாம்பரம் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஓடி வந்து, "மேடம், ஆபீஸுக்கு வாங்க, தனியாப் பேசிக்கலாம்" என்றான்.

"கேள்வி எல்லார் முன்னாடியும்தான் கேட்டேன். பதிலும் இங்கயே சொல்லட்டும்."

மானேஜர் சிரித்தபடி, அது கம்பெனி விதி என்றார். விதிக்கு என்ன காரணம் என்று கேட்டார் ஜெயம்மாள். விடுதியைப் பார்க்காதவர்களுக்குக் காட்டுவதற்குத்தான் இந்தச் சலுகை, மேடம் ஏற்கெனவே பார்த்தவர் என்றார் மானேஜர்.

"நான் பாத்தது மழையும் ஈரப் போர்வையும். நீங்க இப்ப காட்ன வெயில நான் பாக்கவே இல்ல. எனக்கும் காட்டுங்க."

சிலர் சிரித்தார்கள். மானேஜருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எரிச்சலில் உண்மை வெளியே வந்தது. "சீசன் ரூம்ல பாதிய சேல்ஸுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கோம் மேடம். புதுசா வர்றவங்க நல்ல சீசன்ல பாத்தாத்தான் வாங்குவாங்க. உங்களுக்குக் காட்டி கம்பெனிக்கு என்ன ஆகப்போகுது? நீங்கதான் வாங்கிட்டீங்களே."

முன் வரிசையில் இருந்த சேட்டு என்ற ராஜகுளத்து விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கண்ணியில மாட்டுன கவுதாரிக்கு எவன் கம்பு இறைப்பான்? வாம்மே போலாம்" என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அவரோடு நாலைந்து குடும்பம் போனது. உண்மையைச் சொல்வதென்றால் மற்றவர்கள் போகவில்லை. சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்த வாசனை வந்துகொண்டிருந்தது.

ஏகாம்பரம் மறுபடி வந்து ஜெயம்மாள் காதருகில் குனிந்தான். "உங்களுக்கு மட்டும் மே மாசம் மூணு நாள் போட்டுத் தரச் சொல்றேன் மேடம். வெளியில சொல்லாதீங்க."

"எல்லா மெம்பருக்கும் அந்தச் சட்டத்த எடுத்துட்டேன்னு எய்திக் குடு. வாங்கிக்கறேன்."

"அது முடியாது மேடம்."

"அப்ப எனக்கு மட்டும் திருட்டுத்தனமா எதுக்கு?"

அவர் வெளியே போய்விட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கையில் சலுகைச் சீட்டைக் கொடுத்தார்கள். நான் அதை வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் தாயாரம்மாள் அதை ஜெயம்மாளிடம் நீட்டி, "எங்களுக்கு வேணாம் ஜெயம்மா" என்றாள்.

"ஏன் வேணாம்? போங்க. போயி எத்தினி ரூமு காலியா கீதுன்னு பாத்து எனக்குத் தந்தி அடிங்க. நான் லீவு எய்தி வச்சிருக்கேன்."

மே இரண்டாம் வாரம் நாங்கள் ஏற்காடு போனோம். இருபத்துநான்கு அறை. முதல் நாள் சாயங்காலம் நடை போவதுபோல ஒவ்வொரு கதவாகப் பார்த்து வந்தோம். பத்து அறை பூட்டிக் கிடந்தது. கூட்டிப் பெருக்கும் பவளம் என்ற அம்மாவிடம் விசாரித்தேன். "சீட்டு வாங்குனவங்க வரலன்னா அப்டியே பூட்டிதாங்க கெடக்கும். வேற யாருக்கும் தொறக்கக் கூடாதுன்னு ஆர்டர்" என்றாள். தபாலாபீஸுக்குப் போய்த் தந்தி கொடுத்தேன். 'பத்து அறை காலி.'

மூன்றாம் நாள் நண்பகலில் ஜெயம்மாள் வந்து இறங்கினார். கூடவே அம்முலு. கையில் ஒரு துணிப்பை, காலில் புதுச் செருப்பு. அவர் அட்டையை மேஜைமேல் வைத்தார். வரவேற்பில் இருந்தவன் ரிஜிஸ்டரைப் பார்க்காமலே இடமில்லை என்றான்.

"பத்து ரூமு பூட்டிக் கெடக்குது தம்பி."

"அதெல்லாம் ஆஃபர் கெஸ்டுக்கு."

"அவங்க வந்துட்டாங்களா?"

"வரல. வந்தா குடுக்கணும்."

ஜெயம்மாள் திரும்பி, நடுக்கூடத்தில் இருந்த சோபாவில் உட்கார்ந்தார். அம்முலு உட்காராமல் சுவரோரம் நின்றாள். "ஒக்காரு அம்முலு. இது என் வூடு, அட்டையில போட்டுகீது" என்றார். அம்முலு நுனியில் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் கழித்து விடுதி மானேஜர் வந்தார். பின்பக்கம் டிரைவர்கள் தங்கும் இடத்தில் படுக்கை தருவதாகச் சொன்னார். அதைக் கேட்டதும் ஜெயம்மாள் எழுந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. பிரசவ வலியில் கத்துகிறவர்களை அடக்கும் அதே குரலில் பேசினார்.

"பின்னாடி பக்கமா வந்து போறத எங்க ஊர்லயே பாத்துட்டேன். அதுக்கு இவ்ளோ தூரம் பஸ் ஏறத் தேவையில்ல. இன்னாத்துக்கு எனக்கு இல்ல, வராதவனுக்கு கீது, அத மட்டும் சொல்லுங்க."

சாப்பாட்டு அறையிலிருந்து கூப்பனில் வந்த குடும்பங்கள் எட்டிப் பார்த்தன. நான் பக்கத்தில் போய் நின்று, பத்து அறை காலியாக இருப்பதை எண்ணிப் பார்த்தவன் நான்தான் என்றேன். இலவசமாகச் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொல்வது எனக்கே கூசியது. கூப்பன்காரர்களுக்கு முன்னால் சண்டை நீள்வதை மானேஜர் விரும்பவில்லை. பன்னிரண்டாம் நம்பர் சாவி வந்தது.

சாவியோடு ஒரு காகிதமும் வந்தது. இரண்டு நாள் தங்கலாம், ஆனால் அதற்கு ஈடாக அந்த வருஷத்து ஒரு வாரம் முழுவதும் கழிந்துவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெயம்மாள் பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு மேலே, 'என் வாரத்தை எனக்குத் தராமல் இரண்டு நாளாகச் சுருக்கினார்கள். சம்மதமில்லாமல் கையெழுத்திடுகிறேன்' என்று எழுதினார். மானேஜர் படித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

நாங்கள் அன்று மாலை கிளம்பினோம். கிளம்பும்போது அம்முலு பன்னிரண்டாம் நம்பர் வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறது என்று தாயாரம்மாள் கேட்டாள்.

"நல்லாதான் கீதுக்கா. ஆனா அக்கா அந்த ஆளுகிட்ட அவ்ளோ நேரம் பேச வேண்டி வந்துதே, அதான் மனசுக்குப் பேஜாரா கீது."

சலுகை உரிமையாளர்களுக்கு ஏன் இல்லை என்று கம்பெனியிலிருந்து எழுத்தில் பதில் வரவே இல்லை. ஜெயம்மாள் உத்திரமேரூர் தாலுகாவில் இருந்த மற்றப் பங்குக்காரர்களைத் தேடிப் போனார். அந்த விதியை எடுக்கச் சொல்லும் மனுவில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். பரிசீலிக்கிறோம் என்று ஓர் அட்டை வந்தது. அடுத்த ஏப்ரலில் புடவைக் கடைகளில் மறுபடி கூப்பன் வைத்தார்கள். அதே கடைசி வரி, எழுத்து மட்டும் இன்னும் சிறியதாகியிருந்தது.

கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயம்மாள் கல்யாண மண்டபத்து வாசலில், பன்னீர்ச் செம்புக்கு எதிர்ப்பக்கம், தன் அட்டையோடு நின்றார். உள்ளே போகிறவர்களிடம் ஒன்றைத்தான் சொன்னார். "வாங்கறதா இருந்தா வாங்குங்க. வாங்கறதுக்கு முன்னாடி, வாங்குன பின்னாடி மே மாசம் ரூமு கெடைக்குமான்னு கேட்டு எய்தி வாங்கிக்கோங்க." ஏகாம்பரம் போலீஸைக் கூட்டி வந்தான். சப்-இன்ஸ்பெக்டர் அவரிடம் விசாரித்து, அட்டையைப் படித்துப் பார்த்து, இந்தம்மா சொன்னதில் என்ன பொய் என்று ஏகாம்பரத்தைக் கேட்டார். அவன் மண்டபத்துக்குள்ளே போய்விட்டான்.

அன்றைக்குப் பதினேழு குடும்பம் திரும்பிப் போனது. அடுத்த கூட்டத்தை மலர்மேட்டுக்காரர்கள் காஞ்சிபுரத்தில் வைக்காமல் வேலூருக்கு மாற்றினார்கள். செய்தியை நான்தான் அவரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வேலூருக்கு பஸ் கீது இல்ல சார்?" என்று கேட்டுவிட்டு, மூடியை அழுத்திச் சாத்தினார்.