நோர்வேக்காரரிடம் நான் கேட்ட கேள்வி

லண்டன் இல்ஃபோர்டில் இரண்டு மீன்கடை, அவற்றுக்குப் பின்னால் ஆள் நின்று நடமாடக்கூடிய குளிர் அறை, விடியமுன் சந்தைக்கு ஓடுகிற மூன்று வான்கள், படிப்பித்து டொக்டராக்கிய மகள், கூப்பிட்டு எடுத்து வாழவைத்த தம்பி குடும்பம், இவ்வளவும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஒருவன் கட்டியது. வங்கிக்காரன் ‘ஏலாது’ என்றான். கவுன்சில்காரன் தெருவெல்லாம் மணக்கும் என்றான். மணக்கத்தான் செய்தது, ஆனால் சனம் கடைவாசலில் வரிசையாக நின்றது. ஆயுள் முழுக்க மீன் மணத்தோடே கிடந்த இந்த மூக்கு இன்னும் மறக்காத வேறொரு மணம் இருக்கிறது. நான் அரைக்காற்சட்டை போட்ட வயதில், லொறியில் ஏற்றி இலங்கையில் எங்கள் கரைக்குக் கொண்டுவந்து இறக்கிய ஒரு வெள்ளைப் படகிலிருந்து வந்த, தொண்டையைப் பிடிக்கிற பிசின் மணம் அது. கண்ணாடி நாரில் செய்தது என்று யாரோ சொன்னதால் நாங்கள் அதற்குக் ‘கண்ணாடி வள்ளம்’ என்று பெயர் வைத்தோம். கல்லில் முட்டினால் சில்லுச்சில்லாக உடையும் என்று பெரியவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் இங்கே லண்டனில், சட்டன் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டம். நோர்வே என்ற நாட்டின் பண்பாடு, அரசாங்கம், வெளியுறவு பற்றி எங்கள் கரைப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரின் மகன் படம் காட்டிப் பேசினார். படித்தவர், நல்லாய்த்தான் பேசினார். அங்கே அரசர் இருக்கிறார், ஆனால் ஆள்வது பாராளுமன்றம். எண்ணெய்க் காசைச் செலவழிக்காமல் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரமாட்டோம் என்று நிற்கிறார்கள். மற்றவர் சண்டையைத் தீர்க்கப் போவார்கள். வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பார்கள் எங்களைப்போல. எல்லாம் சரி. கடைசியில் ஒரு பழைய படத்தைக் காட்டி, “எங்கடை அப்பா வரவேற்றுப் பேசினதாலைதான் நோர்வேக்காரர் அந்தக் கரையிலை படகுத் தொழிற்கூடம் கட்டினவை, இந்தப் பேச்சுப் புத்தகமாயும் வருது” என்றார். நான் எழும்பினேன். கூட்டத் தலைவர், “அண்ணை, கேள்வி மட்டும் கேளுங்கோ, கதை வேண்டாம்” என்றார். பின்னாலிருந்து ஒரு அம்மா, “மீன்கடை அண்ணை துவங்கீட்டார்” என்று சொல்ல மண்டபம் சிரித்தது. நான் இருந்துவிட்டேன். ஆனால் விடுவதாக இல்லை. நடந்தது இதுதான்.

தொழிற்கூடம் எங்கள் கரைக்கா பக்கத்துக் கரைக்கா என்று, அந்தக் கண்ணாடி வள்ளம் வந்த அன்றைக்கு நோர்வேக்காரர் முடிவெடுக்க வந்திருந்தார்கள். என் பெரியப்பா ‘சம்மாட்டி’, அதாவது வள்ளமும் வலையும் சொந்தமாக உள்ளவர். என்னைப் பெற்ற ஐயா அவரிடம் கூலிக்குக் கடலுக்குப் போனவர். பெரியப்பா பந்தல் போட்டு, நிறைகுடம் வைத்து, ரோசாப்பூ மாலை கட்டுவித்து வைத்திருந்தார். வந்த வெள்ளைக்காரர் இரண்டு பேர். ஒருவர் கழுத்துப்பட்டி கட்டி ஜீப்பிலிருந்து மெதுவாக இறங்கினார். மற்றவர் அரைக்காற்சட்டையோடு முழங்கால் தண்ணீரில் நின்று எங்கள் ஆட்களோடு சேர்ந்து படகைத் தள்ளினார். பெரியப்பா யாருக்கு மாலை போட்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. தலைமை ஆசிரியரும் அவரைப் பார்த்தே இங்கிலீசில் நீட்டி முழக்கினார். கழுத்துப்பட்டிக்காரர் மாலையோடு இருந்து நண்டுக்கறியை ஒரு பிடி பிடித்தார்.

நான் மாலையைப் பார்க்கவில்லை, அரைக்காற்சட்டைக்காரரைப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் சந்தேகம். மணலில் வலை இழுக்கிறவர்களோடு குந்தி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இரண்டு பாண் துண்டைத் தின்றார்; தின்ற ஏனத்தைத் தானே கடல்தண்ணீரில் கழுவினார். ஆனால் சாரதி ஜீப்பை எடுக்கமுன் அவர் முகத்தைப் பார்த்தான். கழுத்துப்பட்டிக்காரரும் ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் அவரையே பார்த்தார். நான் கத்தினேன்: “பெரியப்பா, மாலையை ஆள் மாறிப் போட்டிட்டியள்! பெரியவர் அங்கை மணலிலை இருக்கிறார்!” பிடரியில் ஒன்று விழுந்தது. விசாரித்தால், மாலை விழுந்தவர் கொழும்பில் எஞ்சின் விற்கிறவராம், வழியில் ஏறிக்கொண்டவராம். மாலையைத் திருப்பிக் கேட்க, அவர் சிரித்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பெரியவரின் பெயர் லார்ஸ். தங்கள் நாட்டில் மந்திரியைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லி, குற்றமாக எடுக்காமல் சிரித்தார். பெரியப்பாவுக்கு அந்தச் சிரிப்புத்தான் பிடிக்கவில்லை. “பெரியவன் பெரியவன் மாதிரி இல்லையெண்டால் எதையோ ஒளிக்கிறான். பக்கத்துக் கரைக்கே போகட்டும்” என்றார். மீன் விற்கிற பெண்களையும் கூட்டத்தில் இருத்தி லார்ஸ் அபிப்பிராயம் கேட்டதும், குடும்பங்களைப் பிரிக்கத்தான் வந்திருக்கிறான் என்று ஆம்பிளைகள் குசுகுசுத்தார்கள். எல்லோர் மனதிலும் ஒரே கேள்வி இருந்தது. ஒருவர் வாயிலும் அது வரவில்லை. அடி வாங்கி நின்ற என்னை லார்ஸ் கூப்பிட்டு, உனக்கு என்ன கேட்கவேண்டும் என்றார். நான் கேட்டேன்: “உங்களுக்கு இதிலை என்ன லாபம்?”

மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் வெளிறிப்போனான். “உதெல்லாம் கேக்கப்படாது தம்பி.” லார்ஸ் விடவில்லை, சொல்லவைத்தார். பதிலும் சொன்னார். பெடியன் தமிழில் சொன்னது இது: “எங்கடை நாடு சின்னது. பக்கத்திலை பெரிய ஆக்கள் இருக்கினம். தூரத்திலை நாலு சிநேகிதர் இருந்தால் எங்களுக்குப் பயம் குறைவு. அதோடை, எங்கடை வலையும் விலைப்படும்.” பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். “லாபம் இருக்கெண்டு ஒத்துக்கொள்ளுறான். சும்மா தாறன் எண்டு சொல்லியிருந்தால் கலைச்சிருப்பன். கட்டச் சொல்லு!”

அப்படித்தான் தொழிற்கூடம் வந்தது. என் ஐயா கூலி வேலையை விட்டு அங்கே படகு செய்யப் போனார். நானும் அங்கேதான் தொழில் படித்தேன். லார்ஸ் தந்த மண்ணிறச் சீஸை முதலில் நாய்க்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன், அது வேறு கதை. அந்தப் பதிலையும் நான் முழுதாக நம்பவில்லை. பாதியைத்தான் சொன்னார் என்பது என் கணக்கு. பின்னாளில் அதே நாட்டுக்காரர் எங்கள் நாட்டுச் சண்டையை நிறுத்தச் சமாதானம் பேச வந்தபோது இல்ஃபோர்டில் சனம் பூரித்துப்போய் நின்றது. நான் மீன் வெட்டிக்கொண்டே வருகிறவர்களிடமெல்லாம் அதே கேள்வியைக் கேட்டேன். “அண்ணைக்கு எல்லாத்திலையும் சந்தேகம்” என்றார்கள். அந்தப் பெரிய மேசையில் யாராவது வாய்திறந்து அதைக் கேட்டார்களோ, எனக்குத் தெரியாது.

இன்றைக்கு அந்தக் கரையில் தொழிற்கூடம் இல்லை. சண்டையில் கூரை போனது, பிறகு சுவர் போனது, முள்வேலி வந்தது. பெரியப்பா இல்லை, ஐயா இல்லை, லார்ஸ் இருக்கிறாரோ தெரியாது. அன்று பந்தலில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான் மிச்சம். அதனால்தான் துணிந்து என்னை விட்டுவிட்டு எழுதுகிறார்கள் போலிருக்கிறது.

புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். தலைமை ஆசிரியர் பேசினார் என்று போடுங்கோ, பேசினவர்தான். எஞ்சின் விற்க வந்தவருக்குப் பேசினார் என்பதையும் சேர்த்துப் போடுங்கோ. அதற்குக் கீழே, நோர்வேக்காரரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டவன் கூலிக்குக் கடலுக்குப் போனவரின் மகன் என்று, ஐயாவின் பெயரையும் என் பெயரையும் முழுதாகப் போடவேண்டும். சின்ன எழுத்தில் இல்லை.