தெருவுக்குப் போன தைலம்

கறம்பக்குடிக்கு வெளியே எங்கள் கொல்லையில் தைல இலை காய்ச்சும் கொப்பரையை நான் நிறுவியபோது, என் கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூன்று தடவை பார்ப்பது. மூன்றாவதிலும் எண்ணெய் வராவிட்டால் கொப்பரை பழைய இரும்புக்கு, நான் பழையபடி பள்ளிக்கூடத்துக்கு. பத்து வருஷம் வேதியியல் டீச்சர் நான். நீராவியில் எண்ணெய் எடுப்பதைப் பலகையில் வரைந்து வரைந்து அலுத்துத்தான் வேலையை விட்டிருந்தேன். ரோஷத்தில் சரி என்றேன்.

முறை எளிது. தைல மரம் வெட்டுகிறவர்கள் தோப்பில் எரிக்கக் குவித்துப்போடும் இலையைக் கொப்பரையில் அடைத்து அடியிலிருந்து நீராவி விட்டால், இலையின் எண்ணெய் ஆவியோடு கிளம்பும். ஆவி சுருள்குழாய்க்குள் இறங்கி, குழாயைச் சுற்றி நிற்கும் தொட்டித் தண்ணீரில் குளிர்ந்தால், தண்ணீரும் அதன்மேல் எண்ணெயுமாக ஜாடியில் சொட்டும். எனக்கு இரண்டு தடவையும் வெறும் தண்ணீர்தான் சொட்டியது. இலையைத் திட்டினேன், கொப்பரை செய்துதந்த வெல்டரைத் திட்டினேன்.

மூன்றாவது தடவைக்கு முந்தின நாள், பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"டீச்சர், நீங்க காய்ச்சுற அன்னிக்கு மட்டுந்தான் எனக்கு மூக்கடைப்பு இல்லாம இருக்கு. நாளைக்கும் காய்ச்சுவீங்களா?"

சுருக்கென்றது. என் எண்ணெய் முழுக்க அவர் மூக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆவி முழுசாகக் குளிரவே இல்லை; கொஞ்சம் தண்ணீராகச் சொட்ட, எண்ணெய் ஆவியாகவே காற்றில் போயிருக்கிறது. எப்படிக் குளிரும்? சித்திரை வெயிலில், நடுப்பகலில், மாடித் தொட்டித் தண்ணீரைச் சுருள்குழாய்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டிருந்தேன். அந்த நேரத்தில் அந்தத் தண்ணீரில் கை கழுவக்கூட எங்கள் வீட்டில் யாரும் துணியமாட்டோம். பத்து வருஷப் பாடம் எங்கே போனதோ.

மீன் வண்டி ஓட்டும் என் தம்பிக்கு போன் போட்டேன்.

"ஜெகதாப்பட்டினத்துலேருந்து வாரப்ப ஐஸ் கட்டி ஏத்திட்டு வாடா."

"மீன் வேணாமாக்கா?"

"ஐஸ் மட்டும்."

மறுநாள் தொட்டியில் கை வைத்தால் விறைத்தது. கொஞ்ச நேரத்தில் ஜாடித் தண்ணீருக்கு மேல் வெளிறிய மஞ்சளில் ஒரு படலம்; மதியத்துக்குள் அது ஒரு விரல் கனம். ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். கேட்கக் கோழிகள்தான் இருந்தன.

சாயங்காலம் வந்த கணவர் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இப்படியும் அப்படியும் சாய்த்தார். என்ன சொல்லப்போகிறார் என்று இடுப்பில் கைவைத்து நின்றேன். அவர் செல்போனை எடுத்து மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, எலைய எரிச்சுப்புடாதீங்க. இனிமே மொத்தமும் எங்களுக்குத்தான்."